சாட்சிக் கையெழுத்து

பொன்னுரங்கம் எதிர்வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பத்து வருஷமாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன் என்று ஏறுவார். சமையலறை வரைக்கும் போய் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. மார்கழி ஐந்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு, எதிர்வீட்டுத் தோத்தாத்ரியின் கூடத்தில், மெத்தை வைத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவர் வலது கையை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பெயர் ஐசக். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். பாஸ்போர்ட், வங்கி, வாடகை ஒப்பந்தம், எதுவாக இருந்தாலும். வாத்தியார் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். படித்துப் பார்த்துப் போட்டது குறைவு. காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொள்வேன். "எங்க வீட்டு ரப்பர் ஸ்டாம்பு" என்று என் மனைவி தபீதாள் கேலி செய்வாள். அந்தக் கேலிகூட எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நான் போனது, மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்க. கதவு திறந்திருந்தது. உள்ளே பொன்னுரங்கத்தின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்களா?" என்றாள். "நான் ஹெப்சி சார். நைன்த் பி. நீங்க எங்களுக்கு பிசிக்ஸ் எடுத்தீங்க."

ஞாபகம் இல்லை. ஆனாலும், "ஓ, ஹெப்சி, எப்படிம்மா இருக்கே" என்றேன்.

"நல்லா இருக்கேன் சார். லேப்ல வீட்டுக்கு வந்து பிளட் எடுக்கற வேலை. தோத்தாத்ரி சாருக்கு நரம்பு எவ்ளோ நல்லா தெரியுது பாருங்க. ஜிம்முக்குப் போறீங்களா சார்?"

பொன்னுரங்கம் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். தோத்தாத்ரி என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஐசக் சார், ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. கம்பெனில ஜெர்மனி போறதுக்கு முன்னாடி கேக்கறா. ஜீன் பார்த்து, ரத்தத்துல என்னென்னமோ அளந்து, பத்து வருஷத்துல ஹார்ட் அட்டாக் வருமா வராதான்னு நூத்துக்கு இத்தனைன்னு சொல்லிடுவாளாம். போன வருஷம் எங்க ஆபீஸ் தேவானந்தத்தை இதுக்காகவே நிறுத்திட்டா. டிக்கெட் எல்லாம் போட்டப்பறம்."

"அதுக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே எனக்கு சுகர் எல்லைல நிக்கறதுன்னு சொன்னான் டாக்டர். நாகலக்ஷ்மிட்ட சொல்லலை. அப்பறம் நான் டெஸ்டே எடுக்கலை. ஸ்டேஷன் வாசல்ல தினம் பஜ்ஜி வேற." அவர் குரலைத் தாழ்த்தினார். "இவனைப் பாருங்கோ. ரெண்டு கேனோட மூணு மாடி ஏறறான், மூச்சு வாங்கறதா பாருங்கோ. கல்லு மாதிரி உடம்பு. எனக்கும் நாப்பத்திமூணு, இவனுக்கும் நாப்பத்திமூணு. ரவுண்டு முடிச்சு ஒம்பது மணிக்குத்தான் டிபன் சாப்பிடுவான். வெறும் வயிறு. எல்லாம் விசாரிச்சுட்டேன்."

தோத்தாத்ரியின் மனைவி நாகலக்ஷ்மியும் மகள் மிருதுளாவும் திருப்பாவை சேவிக்கக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஏழு மணிக்குத் திரும்புவதற்குள் காரியம் முடியவேண்டும். திட்டத்தில் எங்கும் ஓட்டை இல்லை. பெரிய கம்பெனியில் மேனேஜர் என்றால் சும்மாவா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவே கூசுகிறது, ஆனால் எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

கூடத்துக்கு வந்தோம். ஹெப்சி ஊசியைச் செருகி, படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தோத்தாத்ரி சார், அப்பா இருக்காங்களா?"

பொன்னுரங்கம் உடனே சொன்னார். "அப்பா நாப்பத்தஞ்சுல பூட்டாரும்மா. சாப்ட்டு கை கய்விகினு வந்து குந்துனாரு. அப்டியே…"

"விளையாடறார்" என்று தோத்தாத்ரி குறுக்கே புகுந்தார். "இவர் அப்பா ஸ்ரீரங்கத்துல எண்பத்தோரு வயசுல தினம் காவேரில குளிச்சிண்டிருக்கார். நான் ஃப்ரெண்டு, எனக்கு நன்னா தெரியும்."

ஹெப்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"அண்ணன் தம்பி யாருக்காவது ஹார்ட் ப்ராப்ளம்?"

"இல்லை" என்றார் தோத்தாத்ரி. பொன்னுரங்கம் கண்ணாடிக் குழாயில் ஏறும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதார் காட்டணும் சார். பரவால்ல, ஐசக் சாரே கூட இருக்கும்போது என்ன. ஜீன் டெஸ்ட்னால ஒரு விட்னஸ் சைன் கேக்கறாங்க. நீங்களே போட்டுடுங்களேன் சார்."

காட்டிய இடத்தில் போட்டேன். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டேன்.

அவள் போனதும் தோத்தாத்ரி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். பொன்னுரங்கம் எழுந்து, நாற்காலி மெத்தையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "காசு வேணாம் சார். ரிஜல்ட்டு வந்தா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார்.

"அதுக்கென்ன, சொல்றேன்" என்றார் தோத்தாத்ரி. பொன்னுரங்கம் இறங்கிப் போன பிறகு என்னிடம், "பார்த்தேளா, தங்கமான மனுஷன்" என்றார்.

தங்கமான மனுஷர்தான். அது எங்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர் நின்றபோது, ஒரு வயசுகூட நிரம்பாத மிருதுளாவை அலுமினிய அன்னக்கூடையில் வைத்துத் தலையில் சுமந்து மெயின் ரோடு வரை நடந்தவர் அவர். அப்போது ஆற்றங்கரை ஓரம் குடிசையில் இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு குடிசை இல்லை. அரசாங்கம் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தது. அவர் மட்டும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் விடியற்காலையில் கிளம்பி முடிச்சூருக்கே வந்துகொண்டிருந்தார். நாகலக்ஷ்மி அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ரத்தம் கொடுத்த அன்றும் கோயில் பொங்கலை ஒரு தொன்னையில் வைத்து, "பொன்னுரங்கம் அண்ணா, சாப்பிட்டுப் போங்கோ" என்று மாடிப்படியில் நிறுத்திக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்.

டிசம்பர் முப்பதாம் தேதி ரிப்போர்ட் வந்தது. சாயங்காலம் நாகலக்ஷ்மி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நட்சத்திர விளக்குக்குக் கீழே நின்றபோதே அவள் முகம் சரியில்லை. கையில் அச்செடுத்த காகிதங்கள்.

"ஐசக் சார், நீங்க சயின்ஸ் படிச்சவர். இது என்ன சொல்றதுன்னு பாருங்கோ."

பார்த்தேன். சர்க்கரை நார்மல். வழக்கமாகப் பார்க்கும் கொழுப்பும் நார்மல். ஆனால் லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒன்று, ஐம்பதுக்குள் இருக்கவேண்டியது நூற்று அறுபத்தெட்டு இருந்தது. மரபணுப் பக்கத்தில் ஒரு வரைபடம். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டையில், சிவப்பின் கடைசி ஓரத்தில் ஒரு புள்ளி. அதன் மேல் தோத்தாத்ரி என்று பெயர்.

"டாக்டர் போன்ல சொன்னார். இது சாப்பாட்டுனால வர்றது இல்லையாம். எக்ஸர்சைஸ் பண்ணினாலும் போகாதாம். பிறக்கும்போதே அப்பா அம்மாகிட்டேர்ந்து வாங்கிண்டு வர்றதாம். ரத்தக்குழாய் உள்ளுக்குள்ளேயே அடைச்சிண்டு போகுமாம், வெளியில ஆள் நன்னாத்தான் தெரிவாராம். மாமனாருக்கு எண்பத்தொண்ணு, அவர் அப்பா தொண்ணூறு வயசு இருந்தார். இது எங்கேர்ந்து வந்தது சார்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் நெய் ஊத்தி ஊத்திப் போட்டுட்டேனோன்னு இருக்கு."

தபீதாள் அவளை அணைத்துக்கொண்டு, கர்த்தர் இருக்கார் என்றாள். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஒரே வாக்கியம்தான். "இது அவர் ரத்தம் இல்லைம்மா." ஆனால் தபீதாள் அங்கே நின்றாள், காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. "பயப்படாதே, மருந்து இருக்கும்" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜனவரி முதல் தேதி பொன்னுரங்கத்துக்குப் புத்தாண்டுக் கேக் கொடுத்தேன். இரண்டு துண்டு, வாழையிலையில் சுற்றி. வாங்கும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நம்ம ரிஜல்ட்டு வந்துட்ச்சாமே சார். தோத்தாத்ரி சார் முந்தாநேத்தே சொல்ட்டாரு. அல்லாம் நார்மலாம்."

எனக்குத் தெரியும். தெரிந்துதான், "அப்படியா, சந்தோஷம்பா" என்று சொல்லிக் கேக்கை அவர் கையில் வைத்தேன்.

அதன் பிறகு எதிர்வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. ஜெர்மனி நின்றுபோனது. கம்பெனியில் யாரும் காரணம் சொல்லவில்லை, "இப்போதைக்கு ஹெல்த்தைப் பாருங்க" என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். நாகலக்ஷ்மி வறுவல் பொரியலை நிறுத்தினாள். அப்பளத்தைத் தணலில் சுட்டாள். ராத்திரி அவர் புரண்டு படுத்தால்கூட எழுந்து விளக்கைப் போட்டாள். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதால் மிருதுளாவையும் தாம்பரத்தில் ஒரு லேபுக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்த அன்று நாகலக்ஷ்மி கோயிலில் நூற்றெட்டுப் பிரதட்சிணம் செய்தாள்.

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. அந்த வீட்டு அக்காரவடிசில் எங்கள் குடியிருப்புக்கே பிரசித்தம். முழங்கை வரை நெய் வழிய வேண்டும் என்பது அந்த நாளுக்கான விதி, வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா வரும். இந்த வருஷமும் வந்தது. பெருமாளுக்கு மட்டும் தனியாக நெய் விட்டுக் காட்டிவிட்டு, மீதியை நெய் இல்லாமல் பாலில் குழைத்திருந்தாள். தின்றால் நாக்கில் வெல்லம் மட்டும் தெரிந்தது. தபீதாள் ஒரு வாய் எடுத்துவிட்டு டப்பாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் தோத்தாத்ரி என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். காய்ந்த வடாம் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தோம். தூரத்தில் வண்டலூர்ப் பக்கம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை.

"சார், மிருதுளாவுக்கு ஊசி போடறச்ச என் கையைப் பிடிச்சிண்டா. உனக்கு வலிச்சுதாப்பான்னு கேட்டா. வலிக்கலைம்மான்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த விஷயத்துல நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான் சார்."

"பொன்னுரங்கத்துக்கிட்ட ஏன் நார்மல்னு சொன்னீங்க?"

"படியில ஏறி வர்றான். முகத்தைப் பார்த்துக் கேக்கறான். வாயில வந்துடுத்து." தொட்டி மேல் விரலால் கோடு இழுத்தபடி, "சுகர் நார்மல்தானே. அது பொய் இல்லையே" என்றார். சொன்ன கையோடு தலையைக் குனிந்துகொண்டார். "சீ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சொல்லிடுங்க தோத்தாத்ரி."

"சொன்னா அவன் நாகலக்ஷ்மியைப் பார்க்கறச்ச கேப்பான். அவளுக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்டுல எப்படி சார் இருப்பேன்? அந்தக் குழந்தை கையில… நீங்க மட்டும் சொல்லிடுவேளா? சாட்சிக் கையெழுத்து உங்களோடது. அந்தப் பொண்ணு ஹெப்சி வேலை போயிடும்."

உண்மையில் அந்த இரண்டு காரணங்களையும் நானே பத்து நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது மலிவாக இருந்தது. இருந்தும் நான்தான் ஒரு வழி சொன்னேன், இரண்டு பேருக்கும் அவமானம் இல்லாத வழி. பொன்னுரங்கத்தைச் சும்மா ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளச் சொல்லலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. தோத்தாத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் இப்படிப் பேசி முடிவு செய்தோம்.

போகிக்கு முதல் நாள் விடியலில் கீழே போய் நின்றேன். பொன்னுரங்கம் வண்டியில் கட்டியிருந்த கேன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட அதிகம்.

"என்ன பொன்னுரங்கம், இவ்வளவு கேன்?"

"பொங்கலு லீவுக்கு அல்லா வூட்லயும் ஜனம் வருது சார். அதில்லாம பின்னாடி தெருவுல புதுசா ஒண்ணு புடிச்சிக்கீறேன். நாலு மாடி, அதுலயும் லிப்ட்டு இல்ல. முன்ன எம் பொண்டாட்டி வுடமாட்டா. இப்ப சரின்ட்டா."

"ஒடம்பு தாங்குமா? ஒரு தடவை குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாயேன். சும்மா, வயசாகுதில்ல."

அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாத்துக்கு சார்? அதான் பெரிய டெஸ்ட்டு எடுத்து நார்மல்னு வந்துட்ச்சே. ஒங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா, நான் அன்னிக்கு காசு வேணான்னதே அதுக்குத்தான். எங்கப்பா நாப்பத்தஞ்சுல பூட்டாரு. எங்கண்ணன் மீன் மார்க்கெட்டுல பொட்டி தூக்கிகினு இருந்தான், நாப்பத்திநாலுல அப்டியே உயுந்தான். எனக்கு வர்ற சித்திரைல நாப்பத்திநாலு பொறக்குது. வெளிய சொல்லமாட்டேன், உள்ளுக்குள்ள பேஜாரா இர்ந்துச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா சொல்லுவானோன்னு ஒரு பயம். தோத்தாத்ரி சாரு கேட்டதும், நம்ம ரத்தம் அவுரு பேர்ல போனா இன்னா, விசயம் தெரிஞ்சுக்கலாமேன்னு குந்திட்டேன்."

நான் வண்டியில் இருந்த இன்னொரு கேனின் கயிற்றை அவிழ்த்தேன்.

"ஜோதி கீறாளே, எம் பொண்டாட்டி, ஞானஜோதி. அண்ணன் போனதுலேர்ந்து ராத்திரில எயிந்து எயிந்து எம் மாருல கைய வெச்சுப் பாப்பா, மூச்சு வர்தான்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு அவளுக்கு. ரெண்டு வருசமா இதே கத சார். நார்மல்னு போய் சொன்னேன் பாருங்க, தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திகினா. அன்னிலேர்ந்து தூங்குறா சார். கொறட்ட வுடறா." சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "நேத்து மாடி ஏறசொல்ல இங்க லேசா புடிச்சுது. முன்னன்னா பயந்துருப்பேன். கேஸுன்னு ஒரு கோலி சோடா குட்ச்சேன், வுட்டுட்ச்சு."

இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னாலேயே ஓடியிருக்கவேண்டும். மேலே போய்த் தோத்தாத்ரியின் கதவைத் தட்டினேன். அவர் அன்றைக்கு இருட்டோடே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் என்றாள் நாகலக்ஷ்மி. போனில் கூப்பிட்டு, பொன்னுரங்கத்தின் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். "நாளைக்குக் காலைல அவன் வந்ததும் சொல்லிடறேன் சார், நானே சொல்லிடறேன், சத்தியமா" என்றார். நாளைக்குத்தானே என்று நானும் விட்டேன்.

போகியன்று விடிந்தும் விடியவில்லை. டயர் கொளுத்தக்கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் யார் கேட்கிறார்கள். தெருவே கரும்புகையாக இருந்தது. பனியும் சேர்ந்துகொண்டு எதிர்வீட்டுக் கதவுகூட மங்கலாகத் தெரிந்தது. நாகலக்ஷ்மி மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் படியில் அந்தச் சத்தம். ஒரு கேன் படிப்படியாக மோதி உருண்டு கீழே போனது. தண்ணீர் கொட்டும் சத்தம் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு வரை கேட்டது.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கேன் பக்கத்தில் பத்திரமாக நின்றது. சட்டை முழுக்க வேர்வை.

"ஒண்ணுமில்ல சார். கேஸு. பொகைல மூச்சு முட்டிகினு… கேன் வுயுந்துட்ச்சு, நானே தொடச்சிடறேன்."

தோத்தாத்ரி பனியனோடு ஓடிவந்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் என்ன ஆயிற்றோ, ஈரப் படியிலேயே அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஸ் இல்லை பொன்னுரங்கம். எழுந்துக்காதே. ஆட்டோ கூப்பிடறேன்."

"அதான் நார்மல்னு…"

"இல்லை. நான் பொய் சொன்னேன். உன் ரத்தத்துல பெரிய பிரச்சனை இருக்குன்னு வந்தது. உங்கப்பாவுக்கும் அண்ணாவுக்கும் வந்தது உனக்கும் வரும்னு அதுல இருக்கு. எனக்குப் பதினஞ்சு நாளாத் தெரியும்."

பொன்னுரங்கம் கோபப்படவில்லை. எதையோ கணக்குப் போடுவதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானு ஜோதிகிட்ட சொல்ட்டனே சார்."

மேலே கோலப்பொடிக் கிண்ணத்தோடு நாகலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "மிருதுளா கையில ஏன்னா ஊசி குத்தினேள்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிவந்து, பொன்னுரங்கத்தின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றதை நான் பிடித்தேன். தோத்தாத்ரி வீட்டுக்குள் ஓடி அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் போகிப் புகை குடித்த குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கத்தை உடனே படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தி வெளியே வந்து, எங்கள் காகிதத்தைப் புரட்டினாள்.

"தோத்தாத்ரி யாரு?"

"நான்தான்."

"நெஞ்சு வலி உங்களுக்கா?"

"இல்லை. அவருக்கு."

"அப்போ இது யாரோட ரிப்போர்ட்?"

தோத்தாத்ரி ஏதோ முணுமுணுத்தார்.

"இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"பேர் என்னோடது. ரத்தம் அவரோடது. என் பேர்ல அவரைக் குடுக்க வெச்சேன்." பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவர் ஷீட்ல சேர்க்கணும். மேல டெஸ்ட் பண்ணி ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்க இது எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த நேரத்தில்தான், போனில் தகவல் தெரிந்து, ஞானஜோதி வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து யாருடைய ஆட்டோவிலோ ஏறி வந்திருந்தாள். பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த சுண்ணாம்பு கையிலும் புடவையிலும் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தில் தைரியம் வந்தது.

"சார், நீங்கல்லாம் கீறீங்களா. நான் பயந்தே பூட்டேன். கேஸுதான? அதான் ரத்தத்த டெஸ்ட்டு பண்ணி நார்மல்னு தோத்தாத்ரி சாரு சொன்னாராமே. அவுருதானா நீங்க?"

"நான்தாம்மா" என்றார் தோத்தாத்ரி. கையைக் கட்டிக்கொண்டார், மாணவன் மாதிரி. "நான் சொன்னது பொய். ரிப்போர்ட்ல மோசமா வந்திருந்தது. மறைச்சுட்டேன்."

அவள் சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எத்தினி நாளா தெரியும் சார்?"

"பதினஞ்சு நாள்."

"அந்தப் பதினஞ்சு நாளும்தான் சார் நான் தூங்குனேன்" என்றாள்.

நாகலக்ஷ்மி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜோதி கையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாகலக்ஷ்மியும் போய், ஒரு முழம் இடைவெளி விட்டு, அவளைப் போலவே தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா கேட்பதும் பொன்னுரங்கம் சொல்வதும் திரைக்கு வெளியே கேட்டன.

"அப்பா இருக்காரா?"

"நாப்பத்தஞ்சுல பூட்டாரும்மா. சாப்ட்டு கை கய்விகினு வந்து குந்துனாரு…"

இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. அவர் முழுக்கச் சொல்லி முடித்தார். அண்ணனைப் பற்றியும் சொன்னார். மீன் பெட்டி, மார்க்கெட், என்ன கிழமை என்பதுவரை சொன்னார்.

தோத்தாத்ரி பெஞ்சில் குனிந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். வேகமாக எழுதும் கை அவருக்கு. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. முடித்ததும் என்னிடம் நீட்டினார்.

"சாட்சி வேணும்னு நர்ஸ் சொல்றா சார்."

பேனாவை எடுத்தேன். கை வழக்கம்போலக் காகிதத்தின் அடிப்பக்கத்துக்கே போனது. நிறுத்தி, மேலே முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். இதனுடன் உள்ள ரிப்போர்ட்டில் இருப்பது என் ரத்தம் அல்ல, என் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொன்னுரங்கத்தின் ரத்தம் என்று தொடங்கியிருந்தது. அப்பாவைப் பற்றி அவரைச் சொல்லவிடாமல் தடுத்தது நான் என்று இருந்தது. முடிவு தெரிந்தும் பதினைந்து நாள் மறைத்தேன் என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. நான் அங்கே நின்றதும், ஹெப்சி என் முகத்தைப் பார்த்துத்தான் நம்பினாள் என்பதும், தலையை ஆட்டியதும், கேக் கொடுத்ததும் எதுவும் இல்லை. தோத்தாத்ரி என்னைக் காப்பாற்றியிருந்தார்.

கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தது. இந்த விஷயம் முதல் நாளிலிருந்து எனக்கும் தெரியும் என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். சுவரோரம் ஜோதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது சார், நீங்களே படிங்க என்றாள்.

படித்தேன்.